படுக்காத பூண்டு

"பூண்டுக் காட்டுல கூலிக்குப் போறவ மகளுக்கு, பூண்டு எது வெங்காயம் எதுன்னு சொல்ல எதுக்காத்தா காலேஜு?"

கவுஞ்சி பேருந்து நிறுத்தத்தில் சின்னச்சாமி அண்ணன் என் அம்மாவிடம் கேட்டார். ஊரிலேயே பெரிய காட்டுக்காரர் அவர். அம்மா வருடத்தில் பாதி நாள் அவர் காட்டில்தான் களை எடுப்பாள். பயிர்க் கணக்கெடுப்பில் எனக்கு வேலை கிடைத்த செய்தியை அம்மா அப்போதுதான் அவரிடம் சொல்லி முடித்திருந்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். தாவரவியலில் பட்டம் வாங்கியவள். இன்னும் கொஞ்ச நாளில் ஜீப்பின் முன் சீட்டில் உட்கார்ந்து இந்த ஊருக்கு வருவேன், இவர் காட்டில் என்ன நிற்கிறது என்று நான்தான் சொல்வேன் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அப்படியே நடந்தது. அது நடந்த கதையைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் இப்போது அந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். நான் அதை விட்டுவிட்டேன். எனக்கு இன்னும் தலையில் ஒரு நரைகூட இல்லை. ஓய்வு பெற்றவர்கள் எழுத வேண்டியதை நான் எழுதுவது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். ரோட்டில் போகும்போதே பயிரை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று உங்களுக்கு எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். சொல்கிறேன். அந்த விஷயத்தில் என்னை மிஞ்ச இந்த மலையில் ஆள் இல்லை என்று இன்றும் தயங்காமல் சொல்வேன். அதனால் யாருக்கு என்ன பயன் என்பதைப் படித்து முடித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜீப்பிலிருந்து பார்க்கும்போது இலை தெரியாது. பாடப் புத்தகத்தில் இலையின் நரம்பைப் படித்துவிட்டு வருகிறோம். மன்னவனூர் வளைவில் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நிற்கிற பயிருக்கு நரம்பும் கிடையாது, காம்பும் கிடையாது. நிறம் உண்டு, வரிசை உண்டு, அதில் வேலை செய்கிற மனிதர்களின் உடம்பு உண்டு. அவ்வளவுதான்.

முட்டைக்கோசு சாம்பல் பூத்த நீலமாகத் தெரியும். பக்கத்திலேயே காலிபிளவர் இருந்தால் அதன் இலைகள் விறைத்து மேலே பார்த்து நிற்கும், கோசைப் போலக் கவிழ்ந்து கிடக்காது. உருளைக்கிழங்கு கரை கட்டி வரிவரியாக இருக்கும். பூக்கிற காலத்தில் தூரத்திலிருந்து மாவு தூவியதுபோல் தெரியும். பீட்ரூட்டைச் சாயங்கால வெயிலில் பாருங்கள், தண்டின் சிவப்பு எட்டிப் பார்க்கும். நட்ட குச்சிகளில் ஏறி நின்றால் பீன்ஸ். தாண்டிக்குடிப் பக்கம் கீழே இறங்கினால் பந்தலில் கிடப்பது சவ்சவ், பெரிய மரங்களின் நிழலுக்குள் இருட்டாகத் தெரிவது காப்பி.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எங்கள் குழுவின் தலைவர் எனக்கு ஒரு சோதனை வைத்தார். அவரை நான் எப்போதும் 'சார்' என்றுதான் அழைத்தேன், இங்கும் அப்படியே இருக்கட்டும். எதிர்ச் சரிவில் புகைபோலப் பச்சையாக ஒரு துண்டு நிலம். கொத்தமல்லியா, கேரட்டா என்று கேட்டார். அவ்வளவு தூரத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கேரட் என்றேன். எப்படிச் சொல்கிறாய் என்றார். இரண்டு பெண்கள் குத்தவைத்து உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே நகர்ந்து களை எடுக்கிறார்கள். தழைக்காகத் தூவிவிட்ட கொத்தமல்லிக்கு யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். கீழே ஓடை ஓரத்தில் கேரட்டைப் போட்டுக் கழுவ வெட்டிய குழியும் தெரிகிறது. இதையெல்லாம் சொன்னேன்.

சார் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, பின் சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். "இனிமே முன்னாடி நீ உக்காரும்மா. நீ சொல்லு, நான் பதியறேன்" என்றார். அன்றிலிருந்து முன் சீட்டு எனக்கு. நான் நினைத்தபடியே கவுஞ்சிக்கு முன் சீட்டில் வந்து இறங்கினேன். சின்னச்சாமி அண்ணன் கடை வாசலில் நின்று பார்த்தார்.

சார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நெல் வயலில் பிறந்து நெல் வயலிலேயே வேலை பார்த்தவர். இந்த ஒப்பந்த வேலைக்காக மலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. முதல் தடவை கவுஞ்சிக்கு வந்தபோது, நெருக்கமாக நிமிர்ந்து நின்ற பூண்டைப் பார்த்துவிட்டு, "இந்தக் குளிர்ல நாத்தங்காலா?" என்று கேட்டார். நான் பூண்டு என்றதும் தன்னைத் தானே கிண்டல் பண்ணிக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். நானும் சிரித்தேன். மனிதனுடைய கண் முதலில் தன் ஊர்ப் பயிரைத்தான் பார்க்கும். கண் மட்டுமில்லை, காதும் அப்படித்தான். காதைப் பற்றி அன்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. மலைப் பாதையில் அங்கங்கே மண் சரிந்தது. மழை கொஞ்சம் ஓய்ந்ததும் பயிர்ச் சேதக் கணக்கு வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. மறுநாள் சாயங்காலத்துக்குள் வேண்டும். நிலத்துக்குள் இறங்க வேண்டாம், ரோட்டிலிருந்து பார்த்து, படம் எடுத்து, செயலியில் 'பாதிப்பு உண்டு' அல்லது 'பாதிப்பு இல்லை' என்று பதிந்தால் போதும் என்றார்கள். ஒரே நாளில் இரண்டு பக்கமும் போக வேண்டியிருந்ததால் பிரிந்துகொண்டோம். வாழையும் காப்பியும் சாய்ந்து கிடந்த வடகவுஞ்சிப் பக்கம் சார் என்னை அனுப்பினார்; பெயர் ஒத்திருந்தாலும் அது எங்கள் கவுஞ்சியிலிருந்து தள்ளிக் கீழே இருக்கிற வேறு ஊர். கவுஞ்சிக்கு சார் தனியாகப் போனார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். உத்தரவு அப்படி இருந்தும், ரோட்டோரம் ஆட்கள் நின்ற இடத்திலெல்லாம் ஜீப்பை நிறுத்திக் கேட்டிருக்கிறார். நெல் ஊரில் மழை விட்டதும் எல்லாரும் எல்லாரையும் கேட்கிற ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்.

"படுத்திருச்சா?"

நெல்லில் படுத்தது என்றால் போயிற்று என்று அர்த்தம். கதிர் முற்றுகிற நேரத்தில் மழை அடித்துச் சாய்த்துவிட்டால் தண்ணீரில் கிடந்து முளைத்துவிடும். எங்கள் ஊர்ப் பூண்டில் அப்படியில்லை. பூண்டு முற்றினால் தாள் மஞ்சளடித்து, கழுத்து தளர்ந்து, தானாகத் தரையில் சாயும். அதைத்தான் 'படுத்திருச்சு' என்போம். அது நல்ல செய்தி. எடுப்புக்கு, அதாவது அறுவடைக்கு, ஆள் கூப்பிடலாம், பழனிக் கடைவீதியில் பூண்டு வாங்குகிற வியாபாரி பாய்க்குப் போன் போட்டு லாரி அனுப்பச் சொல்லலாம். 'படுக்கல' என்றால்தான் பயம். முற்ற வேண்டிய நாளில் தாள் நிமிர்ந்து நிற்கிறது என்றால் கீழே என்னவோ நடந்துகொண்டிருக்கிறது.

அன்று சாயங்காலம் அட்டுவம்பட்டியில் எங்கள் குழு தங்கியிருந்த வீட்டில் உட்கார்ந்து, இருவரும் பதிந்ததை ஒன்றாகச் சேர்த்தோம். கவுஞ்சியை சார் வாசித்தார். சின்னச்சாமி அண்ணனின் மேட்டுக் காடு, பாதிப்பு உண்டு. அதற்கடுத்த காடு, உண்டு. அதற்கும் மேலே, உண்டு. ரோட்டுக்குக் கீழே பள்ளத்தில் அழகம்மா அக்காவின் குத்தகை நிலம், பாதிப்பு இல்லை.

நான் டீயைக் கீழே வைத்தேன். அழகம்மா அக்கா எங்கள் வீட்டுக்கு மூன்றாம் வீடு. புருஷன் இல்லாதவர். அந்தப் பள்ளம் எனக்குத் தெரியும். அவ்வளவு மழைக்கு அங்கே தண்ணீர் நிற்காமல் இருக்க வழியே இல்லை. மேட்டுக் காட்டில் தண்ணீர் நிற்கவும் வழியில்லை.

"சார், இது தலைகீழா இருக்கு" என்றேன்.

"அந்தம்மா வாயாலயே சொன்னுச்சும்மா. படுத்திருச்சான்னு கேட்டேன். இல்லீங்க சார், படுக்கவே இல்லீங்கன்னு சொன்னுச்சு. அழுவுற மாதிரி சொன்னுச்சு. சரி, சந்தோசத்துல சொல்லுதுன்னு நெனச்சேன்."

"சார், அவங்க அழுதிருப்பாங்க."

அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு ஊரில் என்ன அர்த்தம் என்று அவருக்கு விளக்கினேன். விளக்கி முடிக்கும்போது அவர் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. "அப்ப நல்லா விளைஞ்சதெல்லாம் சேதம், சேதமானதெல்லாம் நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்திருக்கேன்" என்று மெதுவாகச் சொன்னார். செயலியில் பதிந்த உடனேயே பட்டியல் மேலே போய்விட்டிருந்தது.

மறுநாள் முதல் பேருந்தில் கவுஞ்சிக்குப் போனேன். பள்ளத்தில் அழகம்மா அக்காவின் பூண்டு நிமிர்ந்து நின்றது. ரோட்டிலிருந்து பார்த்தால் யாராக இருந்தாலும் நல்ல பயிர் என்றுதான் சொல்வார்கள். நான் வந்திருந்தால் நானும் அங்கே ஒரு நிமிடம் ஏமாந்திருக்கலாம். இறங்கிப் போய் ஒரு செடியைப் பிடித்து இழுத்தேன். கனமே இல்லாமல் கையோடு வந்தது. பூண்டு இருக்க வேண்டிய இடத்தில் நனைந்த பஞ்சு மாதிரி ஒன்று இருந்தது. அந்த நாற்றம் கையைவிட்டுப் போக நாளாயிற்று.

அக்கா வரப்பில் நின்றுகொண்டிருந்தார். "வெள்ளனேயே வந்துட்டியா. ஜீப்பு சார் வந்தாரு, கேட்டாரு, படுக்கலன்னு சொல்லிட்டேன். எழுதிட்டாகள்ல?" என்று கேட்டார்.

தன் கஷ்டத்தைச் சொல்லியாகிவிட்டது, அது எழுதப்பட்டும்விட்டது என்ற நிம்மதியில் இருந்தார். நான்தான் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னதும் அவர் அழவில்லை. என் கையில் இருந்த அழுகலைப் பார்த்துவிட்டு, "வெதைக்குக்கூட ஒண்ணும் தேறாதே" என்றார்.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பக்கம் விதைப் பூண்டு ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் பயிரிலிருந்து எடுத்து வைப்பது. கொத்தாகக் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார்கள், புகை பட்டுப் பட்டு அடுத்த பட்டத்துக்கு, அதாவது அடுத்த நடவுக்கு, காத்திருக்கும். ஒரு பட்டம் முழுக்க அழுகிப்போனால் வருமானத்தோடு அடுத்த பட்டமும் சேர்ந்து போகும். சேதப் பட்டியலில் பெயர் இருந்தால் அக்காவுக்கு விதை கிடைத்திருக்கும். அதைவிட முக்கியம், நிலத்துக்காரரிடம் காட்டி இன்னொரு பட்டம் தவணை கேட்டிருக்கலாம். அவர் திண்டுக்கல்லில் இருப்பவர். அந்தப் பள்ளத்தை மேடாக்கிச் சுற்றுலா வருபவர்களுக்குக் காட்டேஜ் கட்ட வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பயிர் தேறினால் அக்கா இருக்கலாம். இல்லையென்றால் இடத்தைக் காலி செய்ய வேண்டும். அந்தப் பட்டியலில் ஒரு வரியில்தான் எல்லாம் இருந்தது.

திரும்பி வந்து சாரிடம் சொன்னேன். அவர் மேல் அலுவலகத்துக்குப் போன் செய்து, ஒரு பெயரைச் சேர்க்க வேண்டும், தவறு தன்னுடையது என்று சொன்னார். ஒரு பெயரைத் தனியாகச் சேர்க்க முடியாது என்றார்கள். ஒரு நிலத்தில் தவறு என்று எழுதிக் கொடுத்தால் கிராமம் முழுவதையும் நிறுத்திவைத்து, வேறு குழு வந்து மறுபடி பார்க்கும். வேண்டுமா என்று கேட்டார்கள்.

சார் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "கையெழுத்து நான் போடறேன். என் வேலை போனா போவட்டும். ஆனா இது உன் ஊரு. நாளைக்கு யோசிச்சுச் சொல்லு."

யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். ஊருக்குப் போய் இறங்குவதற்குள் விஷயம் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. பேருந்து நிறுத்தத்தில் சின்னச்சாமி அண்ணன் நின்றிருந்தார். அம்மா அவரை 'மொதலாளி' என்று கூப்பிடுவாள். பட்டம் வாங்கிய பிறகு நான் 'அண்ணே' என்று கூப்பிட ஆரம்பித்தேன். அதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை.

"அண்ணே, பட்டியல் தப்பாப் போயிருக்கு" என்று நானே ஆரம்பித்தேன்.

"என்னத்தா தப்பு? நாங்களா பொய் சொன்னோம்? படுத்திருச்சான்னு கேட்டாரு. ஆமா, பூராம் படுத்திருச்சுன்னு சொன்னோம். பூண்டு படுத்துத்தான கெடக்கு? நீ போயி எந்திரிச்சு நிக்கச் சொல்லப் போறியா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அழகம்மாவுக்கு வேண்டுமானால் ஊரே சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் விதை கொடுத்துவிடுகிறோம், நீ எழுதாமல் இரு என்றார்.

"போன வருசம் பூரா வெல இல்லாம கெடந்தோம். ஒரு தடவை நிவாரணம் வாராது வந்த மாமணியா வருது. அதையும் படிச்ச புள்ள நீ வந்து தட்டி விடாத. உங்க அம்மா நாளைக்கு எந்தக் காட்டுக்குப் போவா, அதையும் நெனச்சுக்க."

அவர் மிரட்டியதாக நான் சொல்ல மாட்டேன். நடக்கப்போவதைச் சொன்னார். விதை தருகிறேன் என்று சொன்னதும் அந்த நேரத்தில் மனதிலிருந்து வந்ததாகவே இருக்கலாம். ஆனால் நிறுத்தத்தில் நின்று வாயால் கொடுக்கிற விதையை வைத்து நிலத்துக்காரரிடம் தவணை கேட்க முடியாது. அழகம்மா அக்காவுக்கு வேண்டியிருந்தது பட்டியலில் ஒரு வரி. அதைத் தரும் இடத்தில் நான் இருந்தேன். அதற்குத்தான் படித்தேன்.

வீட்டுக்குப் போனபோது அம்மாவுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. கஞ்சியை ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டு, "எழுதுறதுன்னா எழுது. என்னைய நெனச்சு எழுதாம இருந்துறாத" என்றாள். நான் சாப்பிட ஆரம்பித்த பிறகு, "அந்தாளு மேல இருக்குற கோவத்துல எழுதவும் செய்யாத" என்றாள்.

அந்த இரண்டாவது வார்த்தையை எத்தனையோ முறை எடுத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறேன். கோபத்தில் எழுதவில்லை என்றுதான் ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றுகிறது. மறுநாள் சார் கையெழுத்துப் போட, நானும் கீழே என் பெயரை எழுதினேன். தவறு நடந்திருக்கிறது, மறுபடி பாருங்கள், வெரசாகப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தோம்.

அவர்கள் வெரசாக வரவில்லை. மறுபடி மழை, மறுபடி மண் சரிவு, பிறகு எந்தக் குழு வருவது என்பதில் குழப்பம். படுத்த பூண்டு ஈரத்தில் காத்திருக்காது. மேட்டுக் காட்டுக்காரர்கள் எடுத்து, காய வைத்து, ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அழகம்மா அக்காவால் தன் நிலத்தை அப்படியே விட்டு வைத்திருக்க முடியும் என்று நினைத்தேன். ஆனால் அழுகல் மண்ணோடு பரவும். கீழ்க் காட்டுக்காரர் நாள் தவறாமல் வந்து சத்தம் போட்டிருக்கிறார். அக்கா ஆள் வைக்க முடியாமல், தனியாகவே எல்லாவற்றையும் பிடுங்கி ஓடைப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்திருந்தார்.

மறு கணக்கெடுப்பு ஜீப் வந்த அன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு ரோட்டில் போய் நின்றேன். முன் சீட்டில் எனக்குத் தெரியாத ஒருவர் இருந்தார். என்னைப் போலவே இளம் வயதுதான், கண்ணியமான ஆள்தான். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கறுப்பு மண் மட்டும் இருந்தது.

"தரிசு" என்றார் பின்னால் இருந்தவரிடம்.

"சார், இது பூண்டுக் காடு. கீழ இருக்கறது அழுகிப்போன காடு. மேல இருக்கறது எடுத்த காடு" என்றேன்.

"எங்கம்மா பூண்டு?"

நியாயமான கேள்வி. எந்தப் பயிரையும் எவ்வளவு தூரத்திலிருந்தும் சொல்லக் கூடியவள், வெறும் மண்ணின் முன்னால் நின்றேன். பள்ளத்தில் இறங்கி ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு வந்து நீட்டினேன். மோந்து பாருங்கள் என்றேன். அதில் அந்த நாற்றம் இன்னும் இருந்தது. அவர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, "நாத்தத்தைப் படம் எடுக்க முடியாதுல்லம்மா" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். ஜீப் போய்விட்டது. நான் மண்ணைப் பள்ளத்திலேயே கொண்டுபோய்ப் போட்டேன்.

கவுஞ்சி முழுவதும் பட்டியலிலிருந்து போயிற்று. மேட்டுக் காடுகளுக்கு வரவிருந்த நிவாரணம் வரவில்லை. அது சரிதான், அவர்களுக்குச் சேதமில்லை. அழகம்மா அக்காவுக்கும் வரவில்லை. அதைச் சரியென்று சொல்ல என்னால் முடியாது. சாரின் ஒப்பந்தம் அந்த வருடத்தோடு முடிந்தது, நீட்டிக்கவில்லை. கிளம்பும்போது என்னிடம், "நான் ஊருக்குப் போயி நெல்லைப் பாத்துக்கிட்டு இருக்கேம்மா. அதுலதான் எனக்கு பாஷை தெரியும்" என்றார்.

அம்மாவை அதற்குப் பிறகு ஊரில் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. யாரும் சண்டை போடவும் இல்லை. எடுப்புக்கு ஆள் சொல்லும்போது எங்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போனார்கள். அவள் முதல் பேருந்தில் மன்னவனூருக்குப் போய், தன்னைத் தெரியாதவர்களின் காட்டில் வேலை செய்கிறாள்.

அழகம்மா அக்காவைப் பார்க்கப் போனேன். சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் எழுதிக் கொடுத்தேன் அக்கா, அவர்கள்தான் நேரத்துக்கு வரவில்லை என்று சொன்னேன்.

"தெரியும். நீ உன் சோலியச் சரியாத்தான் பாத்த" என்றார். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "நீ எழுதாம இருந்திருந்தா எனக்கு மட்டுந்தான் போயிருக்கும். இப்ப ஊருக்கே என்னாலதான் போச்சுன்னு பேசுறாக. தண்ணி எடுக்கப் போனா ஒதுங்கி நிக்கிறாளுக. இங்க எப்படித்தா இருக்கச் சொல்ற?"

அவர் இப்போது கொடைக்கானலில் ஒரு காட்டேஜில் படுக்கை விரிப்புத் துவைக்கிறார். கவுஞ்சிப் பள்ளத்தில் செம்மண் கொட்டி மேடாக்கிவிட்டார்கள். மூலைக்கு மூலை கல் நட்டிருக்கிறார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் நன்றாகவே தெரிகிறது. அதற்குக் கணக்கெடுப்பில் ஒரு பெயர் உண்டு, உங்களுக்கே தெரிந்திருக்கும். வேளாண்மை அல்லாத பயன்பாடு.

உங்களுக்கு நான் என்ன சொல்லித் தர முடியும்? போகிற ஊரில் பயிருக்கு என்ன சொல் வழங்குகிறது என்று முதலில் கேளுங்கள், உங்கள் ஊர்ச் சொல்லை வைத்துக் கேள்வி கேட்காதீர்கள். 'ஆமா', 'இல்ல' என்று முடிகிற கேள்வி கேட்காதீர்கள். என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். அழுகிற மாதிரி சொன்னால் அழுகிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இறங்குங்கள், ஒரு செடியையாவது பிடுங்கிப் பாருங்கள். இதையெல்லாம் செய்தால் சரியாக எழுதலாம். ஆனால் சரியாக எழுதுவதால் சரியாக நடக்கும் என்று நான் நம்பினேன் பாருங்கள், அந்த நம்பிக்கையை மட்டும் உங்களுக்குத் தர என்னிடம் மிச்சமில்லை. என் கையெழுத்து இல்லாமல் இருந்திருந்தால் ஊரில் பாதிப் பேருக்கு ஏதோ கிடைத்திருக்கும், அக்காவுக்கு ஒருவேளை கொஞ்சம் விதையாவது வந்திருக்கும். என் கையெழுத்தோடு எல்லாருக்கும் ஒன்றுமில்லை. ஆனாலும் அன்று எழுதியது தவறென்று என் வாயிலிருந்து வராது. இதில் என்ன பாடம் இருக்கிறது என்று நானே தேடிக்கொண்டிருக்கிறேன்.

சின்னச்சாமி அண்ணன் போன மாதம் அதே நிறுத்தத்தில் என்னைப் பார்த்தார். பூண்டு எதுவென்று தெரிய எதற்குக் காலேஜ் என்று கேட்டவர், இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

வேலையை விட்டுவிட்டேன் என்று முதலிலேயே சொன்னேன். மாசி எடுப்பில் அம்மா மன்னவனூரில் கூலியைப் பணமாக வாங்காமல் பூண்டாகக் கேட்டு வாங்கி வந்தாள். நான்தான் கேட்கச் சொன்னேன். கொத்துக் கட்டி எங்கள் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டோம். வீட்டுக்குப் பின்னால், தண்ணீர் நிற்காத சரிவில், கல்லைப் பொறுக்கி, குறுக்கே வடிகால் வெட்டி, போன வாரம் பல் ஊன்றியாயிற்று. சாப்பிடவோ விற்கவோ இல்லை, விதைக்கு மட்டும். யாருக்கான விதை என்று அம்மாவுக்குத் தெரியும். அழகம்மா அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. பூண்டு படுத்த பிறகு போய்ச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

அடுத்த கணக்கெடுப்புக்கு நீங்கள் கவுஞ்சி வருவீர்கள். ஜீப்பிலிருந்து எங்கள் வீட்டின் தகரக் கூரை தெரியும், அதற்குப் பின்னால் மலைச் சவுக்கு மரங்கள் தெரியும். பூண்டு ரோட்டிலிருந்து தெரியாது.